கெட்டிமேளத்தில் உடைந்த படம்

போன பொங்கலுக்கு மதுரையில் அக்கா வீட்டில் கூடியிருந்தோம். புதிதாக 55 இன்ச் டிவி வாங்கியிருந்தார்கள். அக்கா மகள், அதாவது என் மருமகள், பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கு திடீரென்று அம்மாவின் கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் டிவிடி பிளேயர் போய் பல வருஷம் ஆகிவிட்டது. நான் எங்கள் அம்மா வீட்டு அலமாரியிலிருந்து டிஸ்க்கைக் கொண்டு வந்து, லேப்டாப்பில் ஏற்றி, ஒரு கேபிளைப் போட்டு டிவியில் ஓட விட்டேன். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த ஹாலில் நடந்ததை ஒரு துக்க வீடு என்றுதான் சொல்ல வேண்டும். முகங்கள் எல்லாம் சதுரம் சதுரமாக, யாராவது கையை வீசினால் அந்தக் கை சீப்புப் பல் மாதிரி கோடுகோடாகப் பிரிந்து, அத்தான் பக்கவாட்டில் இழுத்து வைத்ததுபோல் ஊதிப்போய் நின்றார். மருமகள் சிரித்துவிட்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஸ்டுடியோக்காரன் அன்னைக்கே நம்மள ஏமாத்திட்டான்டா" என்றாள். சித்தப்பா ஆமாம் போட்டார். நானும் போட்டேன்.

இது புதுப் பழி இல்லை. 2007 தை மாதம் கோவில்பட்டியில் நடந்த கல்யாணம் அது. அந்த வீடியோவை எப்போது போட்டாலும் யாராவது ஒருவர் ஸ்டுடியோக்காரரைத் திட்டாமல் எழுந்ததில்லை. பந்தியில் உப்பு குறைந்தது யாருக்கும் ஞாபகமில்லை, வீடியோ சரியில்லாதது மட்டும் குடும்ப வரலாற்றில் ஏறிவிட்டது.

அன்று இரவே அக்கா வேலை வைத்துவிட்டாள். "நீ கம்ப்யூட்டர்காரன்தானே, அந்த ரோஜாப்பூ, ஹார்ட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, படத்தையும் சுத்தம் பண்ணி ஒரு பத்து நிமிஷத்துக்கு வெட்டிக் கொடேன்." கம்ப்யூட்டர்காரன் என்றால் பிரிண்டர் முதல் பீரோ பூட்டு வரை எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நானும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

முதல் வாரம் செய்ததெல்லாம் தப்பு. டிஸ்க்கில் படம் அடங்கியிருந்த விஓபி (VOB) கோப்புகளை, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், அப்படியே எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டேன். அது ஏதோ ஊகித்துக்கொண்டு எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கிக் கொடுத்தது. மங்கலாக இருந்ததால் ஷார்ப்னஸைக் கூட்டினேன். கூட்டினால் முகம் தெளியவில்லை, முகத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் இருக்கும் அந்த அழுக்கு தெளிந்தது. சரி, அதை எடுக்க நாய்ஸ் ரிடக்‌ஷன். அதைப் போட்டால் பட்டுப் புடவையின் சரிகை காணாமல் போனது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றி இறக்கியதில் படம் இன்னும் ஒரு படி கீழே போனதுதான் மிச்சம். பிறகு, இப்போது எல்லோரும் சொல்லும் அந்த ஏஐ சமாசாரத்தையும் முயன்று பார்த்தேன். ராத்திரி முழுக்க லேப்டாப் விசிறி கத்தி, காலையில் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே தோல். பெரியப்பா நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை ஒரே வெள்ளைத் தடமாகிவிட்டது. ஆச்சியின் மூக்குத்தி போய்விட்டது. ஆச்சியை மூக்குத்தி இல்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன்.

பொங்கின சோற்றை மறுபடி அரிசியாக்க முடியாது. இதை நான் ஒரு வாரம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டேன். கேமராக்காரர் பிடித்தது டேப்பில். அந்தக் காலக் கல்யாணங்களில் தோளில் வைத்துப் பிடிக்கும் பானசோனிக் எம்டி 10000 மாதிரி ஒரு மினிடிவி (MiniDV) டேப் கேமராதான் இருக்கும். அதில் நொடிக்கு 25 மெகாபிட் தகவல், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. டிவிடிக்கு வரும்போது அதே படத்தை நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட்டுக்குள் அடக்க வேண்டும், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் அடக்குவார்கள். சுருக்கும்போது எதைத் தூக்கி எறிந்தார்களோ அது போனது போனதுதான். முடிந்துபோன டிஸ்க்கை மறுபடி எடிட் செய்பவன் கையில் இருப்பது பரிமாறின இலை.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் ஏன்

அந்த மூன்று மணி பத்து நிமிஷ வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மண்டப வாசலில் வாழைமரம் காட்டும் இடம் நன்றாக இருக்கிறது. சமையல்கட்டு நன்றாக இருக்கிறது. யாரும் பார்க்காத, சீர்வரிசைத் தட்டுகளை வரிசையாகக் காட்டும் அந்த ஆறு நிமிஷம் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆப்பிளை எண்ணலாம். சரியாக கெட்டிமேளம் கொட்டும்போது படம் நொறுங்குகிறது. எந்த இருபது நொடிக்காக இந்த வீடியோவே எடுக்கப்பட்டதோ, அந்த இருபது நொடி முழுக்கச் சதுரங்கள்.

யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் ஆக முடியும். டிவிடியில் படத்தைச் சுருக்கி வைக்கும் எம்பெக்-2 என்ற முறை எல்லாப் படத்தையும் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. பால் (PAL) என்ற நமது டிவி முறையில் நொடிக்கு 25 படம், அதில் வழக்கமாகப் பன்னிரண்டுக்கு ஒன்றைத்தான் முழுதாக எழுதும். மற்றதெல்லாம் 'முன்னதில் இருந்து இது இங்கே நகர்ந்தது' என்ற குறிப்புகள். சீர்வரிசைத் தட்டு நகராது, குறிப்பே தேவையில்லை, மிச்சமாகும் இடமெல்லாம் ஆப்பிளுக்குப் போகும். ஆனால் தாலி கட்டும்போது என்ன நடக்கிறது? நானூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை போடுகிறார்கள். ஆயிரக்கணக்கான அரிசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில், முந்தைய படத்தில் எதுவுமே இருந்த இடத்தில் இல்லை. அது போதாதென்று போட்டோக்காரரின் ஃபிளாஷ். ஒரு படம் வெள்ளை வெளேர் என்று, அடுத்தது பழையபடி. இதற்கு மேல் மிக்சிங் செய்தவர் அன்பு மிகுதியால் ரோஜா இதழ்களையும் மேலிருந்து தூவி, நடுவில் ஒரு ஹார்ட்டைச் சுழல விட்டிருக்கிறார். சுருக்கும் மென்பொருளைத் தோற்கடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிட்டாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. நம் ஊர் முகூர்த்தத்துக்கும் எம்பெக்-2க்கும் ஜாதகப் பொருத்தமே இல்லை.

இது புரிந்ததும் எனக்கு ஸ்டுடியோக்காரர் மேல் கோபம் இன்னும் கூடியதுதான் வேடிக்கை. இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மூன்று மணி பத்து நிமிஷத்தை 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் அடைத்தால் நொடிக்கு 3.3 மெகாபிட்தான் வரும், ஒலியையும் சேர்த்து. இரண்டு டிஸ்க்காகக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இருபது ரூபாய் டிஸ்க்கில் மிச்சம் பிடித்துவிட்டாரே மனுஷன் என்று அக்காவிடம் போனில் கணக்குப் போட்டே நிரூபித்தேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள்.

ஸ்டுடியோவில்

மாசியில் ஊருக்குப் போனபோது அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். கடை இருக்கிறது. இப்போது ஃபிளெக்ஸ் அடிப்பதும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும்தான். அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும், மகன்தான் கம்ப்யூட்டரில் இருந்தான். நான் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் சண்டைக்காரக் குரலில்தான் ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். 2007 கல்யாணம், மாஸ்டர் டேப் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "டேப்பா? அதெல்லாம் அஞ்சாறு கல்யாணம் ஓட்டிட்டுத்தான தம்பி தூக்கிப் போடுவோம். உங்க அக்கா கல்யாணத்து மேல வேற யாருக்காவது கல்யாணம் நடந்திருக்கும்."

அப்புறம் என் லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. இரண்டாவது முறை ஓட்டச் சொன்னார். பின்னால் இருந்த சீரியல் பல்புத் திரையை விரலால் காட்டி, "இது ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று மகனிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு என்னிடம் திரும்பி, ரொம்ப சாதாரணமாக, "தம்பி, ஆரம்பத்துல பிள்ளையார் வர்றாரா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நம்ம டிஸ்க்கு போட்ட உடனே பிள்ளையார் வருவார், நம்ம கடை பேரு, போன் நம்பரு வரும், அப்புறம் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்புன்னு நாலு பொத்தான் இருக்கும். அதுல எதை அமுக்கினாலும் அங்க போகும். நான் மெனு இல்லாம டிஸ்க்கு கொடுத்ததே இல்லையே."

எங்கள் டிஸ்க்கில் பிள்ளையார் இல்லை. போட்டதும் நேராக வாழைமரம்தான்.

நான் லேப்டாப்பை மூடி, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். மேலே மார்க்கரில் 'கல்யாணம்' என்று எழுதியிருந்தது. இத்தனை நாளும் அதை ஸ்டுடியோவின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன், ஒரு ஸ்டிக்கர்கூட அடிக்கவில்லையே என்று. அந்த 'ண'வை இப்போதும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். டிஸ்க்குக்குள் கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். 2007 நவம்பர். கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம் கழித்து. டிஸ்க்கின் பெயர் ஆங்கில எழுத்தில் 'அக்கா மேரேஜ் ஃபுல்'.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல்லூரி முடித்த வருஷம். புதிதாக டிவிடி ரைட்டர் வாங்கியிருந்தேன், கிடைத்ததையெல்லாம் எரித்துக்கொண்டிருந்த காலம். இரண்டு டிஸ்க்காக இருந்ததை, நடுவில் எழுந்து மாற்ற வேண்டாமே என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சுருக்கி மென்பொருளை வைத்து ஒன்றாக்கினேன். மெனுவைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று அதையும் தூக்கினேன். அம்மாவிடம் பெருமையாகக் காட்டியதுகூட நினைவிருக்கிறது. அசல் இரண்டும் அக்காவோடு அவள் புகுந்த வீட்டுக்கு, சாத்தூருக்குப் போய்விட்டன. நான் செய்த நகல் ஸ்டுடியோ பெட்டிக்குள் உட்கார்ந்து, வருஷம் போகப் போக அசலாகிவிட்டது.

அண்ணாச்சி கேட்ட அந்த மூச்சு வாங்கல் என்ன என்பதற்கும் பதில் அங்கேதான் இருந்தது. அந்த வகைச் சுருக்கிகள் படத்தை முழுதாகப் பிரித்து மறுபடி சுருக்குவதில்லை. எட்டுக்கு எட்டு சதுரங்களாக உள்ளே எழுதியிருக்கும் எண்களை அப்படியே முரட்டுத்தனமாகத் தோராயமாக்கி இடம் மிச்சம் பிடிக்கும், அதனால்தான் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துவிடும். அந்தப் பிசிறு ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டு படம் கழித்து முழுப்படம் வந்ததும் சட்டென்று தெளியும். மறுபடி கலங்கும், மறுபடி தெளியும். அரை நொடிக்கு ஒரு முறை. சீரியல் பல்புத் திரை மூச்சு விடுவது அதனால்தான். அதை நான் எத்தனையோ தடவை பார்த்து, ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன்.

பாச்சை உருண்டை வாசனையில் இரண்டு டிஸ்க்

சாத்தூரில் அத்தை, அதாவது அக்காவின் மாமியார், பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அட்டையில் அக்காவும் அத்தானும், பின்னால் ஸ்விட்சர்லாந்து. டிஸ்க்கின் அடிப்பக்கம் நல்ல ஊதா, ஆனால் விளிம்பில் விரல் ரேகைகளும் இரண்டாவதில் சில நீளமான கீறல்களும். டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே நேராகத்தான். படிக்கும் பாதை வட்டமாகப் போவதால், அதன் கூடவே ஓடும் கீறல்தான் ஆபத்து. டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படும் என்பதால் விளிம்பு போனால் படத்தின் கடைசிப் பகுதி போகும்.

முதல் டிஸ்க் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு, கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் போட்டேன். நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத 2048 பைட் துண்டுகளைக் குறித்து வைத்து, அப்புறம் அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், நிஜம்தான். யுஎஸ்பி டிரைவ் மறுத்த பல துண்டுகளை நண்பனின் பழைய லேப்டாப் டிரைவ் படித்துக் கொடுத்தது. மூன்று இரவுக்குப் பிறகு, கடைசியில் ஒரு நாற்பது நொடி மட்டும் வரவே இல்லை.

வந்த படத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. நொடிக்கு 6.6 மெகாபிட். கெட்டிமேளத்தில் இப்போதும் சதுரங்கள் உண்டு, ரோஜா இதழ்கள் உண்டு, அவை படத்தோடு அரைத்த மசாலா, எடுக்க முடியாது. ஆனால் ஆச்சிக்கு மூக்குத்தி இருக்கிறது. மூக்குத்தியில் கல்கூட மின்னுகிறது.

இதன் பிறகு செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். மேக்எம்கேவி என்ற மென்பொருளைக் கொண்டு, மறுபடி சுருக்காமல், இருந்ததை இருந்தபடி வெளியே எடுத்தேன். கோடுகோடாகப் பிரியும் அந்தச் சீப்புப் பல் டிஸ்க்கின் குறையே இல்லை. இன்டர்லேஸ், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரித்து எடுக்கும் படத்தில், ஒவ்வொரு ஃபிரேமிலும் 288 வரி கொண்ட இரண்டு ஃபீல்டு, அதாவது இரண்டு பாதிப் படங்கள், ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்தவை. பழைய குண்டு டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது, இப்போதைய திரை இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. பலரும் செய்வதுபோல் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்து 25 படமாக்கினால் கோடு போகும், பாதிக் கல்யாணமும் போகும். நான், ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப்படமாக்கும் கியூடிஜிஎம்சி (QTGMC) போட்டு நொடிக்கு 50 படமாக விரித்தேன். முதல் முறை எல்லோரும் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று நடுங்கிக்கொண்டு நடந்தார்கள். மினிடிவி கீழ் ஃபீல்டில் தொடங்கும், நான் எழுதிய ஸ்கிரிப்ட் மேல் ஃபீல்டு என்று வைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் அட்சதை விழுந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுவரை அது காற்றில் தேய்ந்துகொண்டிருந்தது. அப்பா கையை உயர்த்தி அரிசி போடுவதும், கொஞ்சம் தாமதித்து இன்னொரு பிடி போடுவதும் முதல் முறையாகத் தெரிந்தது.

அத்தான் ஊதிப்போனதற்குக் காரணம் 4:3 படத்தை டிவி அகலமாக இழுத்ததுதான். 1440க்கு 1080 ஆக்கி இரு பக்கமும் கருப்பு விட்டேன். திரை நிரம்பவில்லை என்று அக்கா முறைத்தாள், நிரப்பினால் நாதஸ்வரக்காரருக்குத் தலை இருக்காது என்றேன். பெரிதாக்கும்போது நிறக் கணக்கையும் மாற்றிச் சொல்ல வேண்டும். டிவிடிக்கு 601, எச்டிக்கு 709 என்று இரண்டு சூத்திரம், மறந்தால் அரக்குப் பட்டு செங்கல் பக்கம் சாயும். கூறைப் புடவை அரக்கா செங்கலா என்பதில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எந்தச் சமரசமும் கிடையாது, அதனால் இதில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தேன். சில இடங்களில் ஃபிளாஷ் ஒரே ஃபீல்டில் விழுந்து படம் படபடக்கிறது. அதை விட்டுவிட்டேன். ஷார்ப்னஸைத் தொடவே இல்லை.

மிச்சம் அந்த நாற்பது நொடி. அக்கா காரில் ஏறி, அம்மா கண்ணாடி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும் இடம். அசலில் அது இல்லை. 2007 நவம்பரில் டிஸ்க் புதிதாக இருந்தபோது நான் சுருக்கியதில் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை வெட்டி அங்கே ஒட்டினேன். ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

சித்திரையில் மறுபடி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்தில் பிள்ளையார் வந்தார், கடைப் பெயர் வந்தது, எஸ்டிடி கோடோடு போன் நம்பர் வந்தது. "இதை ஏன்டா வெட்டல?" என்றாள் அக்கா. இருக்கட்டும் என்றேன். மருமகள் இந்த முறை சிரிக்கவில்லை. அட்சதை விழும்போது அப்பா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கார் வந்தது, அம்மா முகம் சதுரம் சதுரமாகி, அரை நொடிக்கு ஒரு தடவை தெளிந்து, மறுபடி கலங்கியது.

"பாரு, கடைசியில மட்டும் இப்படிப் பண்ணிட்டான் பாரு அந்த ஆளு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அது அவரில்லக்கா" என்றேன். "நான்தான்."